எங்கள் குவாட்டர்ஸ் காசி

மழை வரப்போகிற பிற்பகல்களில் அந்தப் படத்திலிருந்து ஒரு வாசம் கிளம்பும். பழைய எண்ணெய், சூடப் புகை, காய்ந்த சந்தனம், நாள்பட்ட மரச்சட்டம் எல்லாம் சேர்ந்து புழுக்கத்தில் கசிந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே "குவாட்டர்ஸ்" வீட்டின் முன்கூடம் முழுக்க நிற்கும். பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் நான் நேரே போய் அதன் முன்னால் நின்று மூக்கை நீட்டுவேன். அடுப்படியிலிருந்து அம்மா, "படத்தை மோந்து பாக்குற பொண்ணை எந்த ஊர்லயாச்சும் கண்டிருக்கீங்களா?" என்று கேட்பார். அங்கே வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அம்மாவுக்குத் திட்டுவதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்கிற அவசியமே இல்லை.

படம் பெரியது. ஒற்றைக் கதவைப் படுக்கப் போட்டது மாதிரி சுவரை அடைத்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு நகரம் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீரின் கரையில் என்று சொல்லியிருக்க வேண்டும், ஆனால் கரை என்று ஒன்று அதில் இல்லை. வீடுகளின் வாசற்படிகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப் போயின. வலப்பக்கத்தில் வெள்ளையாக உருண்ட தலையோடு ஒரு பெரிய கோயில், தூரத்தில் ஒல்லியாக ஒரு கோபுரம், நடுவில் மூக்கு நிமிர்ந்த கறுப்பு ஓடங்கள், ஓடத்தின் பின்னால் நின்றபடி துடுப்புத் தள்ளுகிற மனிதர்கள், இவற்றின்மேல் எல்லாம் பொழுது விடிகிறதா அடைகிறதா என்று சொல்ல முடியாத ஒரு மஞ்சள் வெளிச்சம். இப்போது நினைத்தாலும் அதை வரைந்த கையைக் கும்பிடத் தோன்றுகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் தண்ணீர் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் பூச்சும் மஞ்சள் தீற்றலும், விரலால் தொட்டால் மேடு தட்டும். நாலடி பின்னால் நகர்ந்ததும் அதே தீற்றல் அலையாகி, அலைமேல் வெயில் விழுந்து கண் கூசும். இந்த வித்தையைக் கண்டுபிடித்த நாளில் நான் முன்னுக்கும் பின்னுக்குமாக நடந்து நடந்தே சோறு ஆறிப்போனது.

அது இத்தாலி தேசத்து வெனிஸ் நகரம். எவனோ ஒரு வெள்ளைக்காரன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் பல வருடங்களுக்கு அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அது காசி.

அதைக் காசியாக்கியவர் என் பெரியம்மா, அப்பாவுடைய அண்ணன் மனைவி. பெரியப்பா ரயில் தண்டவாளம் போடுகிற வேலையில் இருந்தவர். வலது தோளில் சிலிப்பர்க் கட்டை சுமந்து சுமந்து அந்தத் தோள் இறங்கியே போயிருந்தது. நோயில் படுத்திருந்தபோது பெரியம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், தன் சாம்பலைக் காசியில் கரைக்க வேண்டும் என்று. பெரியம்மாவும் சரி என்று தலையை ஆட்டிவிட்டார். ஆட்டிய தலைக்குக் கப்பல் ஏறத் தெரியவில்லை, பாஸ்போர்ட் இல்லை, கூடப் போகப் பிள்ளையும் இல்லை. கடைசியில் பந்திங் தாண்டி மோரிப் கடலில்தான் அப்பா கொண்டுபோய்க் கரைத்தார். அதன்பிறகு பெரியம்மா எங்களோடு வந்து இருந்தார். வாய் நிறையப் பேசுவார், சிரிப்பார், அம்மாவோடு மல்லுக்கு நிற்பார், ஆனால் யாராவது "காசி" என்ற சொல்லை எடுத்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அவர் மேட்டு பங்களாவில் ஒரு ரயில்வே என்ஜினியர் துரை வீட்டில் "ஆயா" வேலை பார்த்தார். துரைக் குடும்பம் சீமைக்கே திரும்பப் போகிற சமயம், வேலைக்காரர்கள் ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்று துரைசானி சொன்னாராம். சமையல்காரச் சீனர் ரேடியோவை எடுத்தார். தோட்டக்காரர் சைக்கிளை எடுத்தார். பெரியம்மாவுக்காகவே காத்திருந்த மாதிரி ஒரு தையல் மெஷின் இருந்தது. அதை எங்கே வைப்பது, யாருக்கு முதலில் ஜாக்கெட் தைப்பது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வாரமாகப் பேசி முடிவாகியிருந்தது. அம்மா துணியே வாங்கி வைத்துவிட்டார்.

சாயங்காலம் பெரியம்மாவும் அப்பாவும் ஆளுக்கு ஒரு முனையாக எதையோ வேட்டித் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். பின்னால் குவாட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாம் ஊர்வலம். துணியை அவிழ்த்ததும் அம்மா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார், பிறகு வாசலில் லோரி ஏதும் தையல் மெஷினோடு நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"மெஷின் எங்க அக்கா?"

"மெஷின் எதுக்கு? காசியே வந்திருக்கு. பாரு, படித்துறை பாரு, ஓடம் பாரு. கோயில் உச்சியில சூலம் நிக்குது, தெரியுதா?"

சூலம் என்று பெரியம்மா காட்டியது சிலுவை. ஆனால் படத்தின் மேல்பூச்சு பழுத்துப் பழுப்பேறி இருந்ததால் குறுக்குக்கட்டை சரியாகத் தெரியாது. சூலம் என்றால் சூலம்தான். மளிகைக் கடைக் காலண்டரில் எல்லாரும் பார்த்திருந்த காசியிலும் இதே மாதிரி தண்ணீருக்குள் இறங்கும் படிகள், இதே மாதிரி உருண்டைத் தலைக் கோயில், இதே மாதிரி ஓடக்காரன். துரைசானிக்கு அந்தப் படம் பிடிக்காதாம், மாமியார் கொடுத்ததாம், கப்பல் பெட்டியில் இடமில்லை என்று சாக்குச் சொல்லிக் கழற்றிவிட்டாராம். "ஓல்டு, வெரி ஓல்டுன்னாங்க. காசியை விட ஓல்டான ஊரு எது இருக்கு?" என்றார் பெரியம்மா. அம்மா ஜாக்கெட் துணியை மடித்துப் பெட்டியில் போட்டு, பெட்டி மூடியைச் சத்தமாகச் சாத்தினார்.

ஆனால் பெரியம்மா அந்தப் படத்தை எடுத்ததற்குக் காசி மட்டும் காரணம் இல்லை. கோயிலுக்குக் கீழே, தண்ணீரைத் தொடுகிற படியில் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். என் சுண்டுவிரல் உயரம் இருப்பான். நமக்கு முதுகைக் காட்டி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, தண்ணீரைப் பார்த்து நிற்பான். வலது தோள் இறங்கியிருக்கும். படத்தை மாட்டி முடித்த பிறகு பெரியம்மா என்னை இடுப்பில் தூக்கி, அந்த ஆளுக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோய், "உங்க பெரியப்பா. மோரிப்ல இறங்கினவரு மெதுவா போய்ச் சேர்ந்துட்டாரு" என்றார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. அப்பாவும் கிட்டே வந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மாகூட அன்றைக்கு அதற்குமேல் மெஷின் பேச்சை எடுக்கவில்லை, மறுநாள் காலையில்தான் எடுத்தார்.

காசிக்குப் போனால் தனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பழத்தையோ காயையோ அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டே, அது பெரியம்மாவுக்குத் தெரியும். முதல் வெள்ளிக்கிழமை படத்தின் கோயிலுக்கும் கோபுரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, விளக்கேற்றி, எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார்: "இன்னையிலேருந்து நான் டுரியானை விட்டுட்டேன்."

பெரியம்மாவை அறிந்தவர்களுக்குத்தான் இந்த வார்த்தையின் கனம் புரியும். டுரியான் என்கிற அந்த முள்ளுப் பழத்தின் பருவம் வந்தால் அவர் வேறு ஆளாகிவிடுவார். சாலையோரத்தில் லோரி வந்து குவித்ததும் முதல் ஆளாகப் போய்க் குந்துவார். ஒவ்வொரு பழமாகக் காதோடு வைத்து ஆட்டி, காம்பைக் கிள்ளி மோந்து, விற்கிற சீனரோடு மலாயில் சண்டை போட்டு, பார்த்தாலே நல்லது என்று தெரிகிற பழத்தை ஒதுக்கி, ஒன்றுக்கும் உதவாதது மாதிரி கிடக்கிற கோணல் பழத்தை எடுத்து வருவார். பிளந்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி மஞ்சள் சுளை. அப்படிப்பட்டவர் விட்டார். "மாம்பழத்தை விடுங்களேன் அக்கா" என்று அம்மாவே கெஞ்சினார். "மாம்பழம் எனக்கு அவ்வளவா ஆகாதே. ஆகாததை விடுறதுக்குக் காசி எதுக்கு?" என்று கேட்டுவிட்டார் பெரியம்மா.

அந்த வருடப் பருவத்திலும் பழம் அவர்தான் பொறுக்கித் தந்தார். நாங்கள் வாசலில் பேப்பரை விரித்துப்போட்டு வட்டமாக உட்கார்ந்து தின்போம். அவர் உள்ளே படத்துக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். தின்று முடித்ததும் வந்து, காலிப் பழத்தோட்டில் தண்ணீர் ஊற்றி, "குடிங்க, இல்லாட்டி சூடு பிடிச்சுக்கும்" என்று எங்களுக்குக் கொடுப்பார். கொடுத்த கையை மூக்கருகே கொண்டுபோகாமல் நேராகக் குழாயடிக்குப் போய்க் கழுவுவார். எனக்கு அழுகை வரும். அவ்வளவு பிடிவாதக்காரியை நான் அதற்குப் பிறகு சந்தித்ததில்லை, அவ்வளவு அழகான பிடிவாதத்தையும்.

விஷயம் குவாட்டர்ஸ் முழுக்கப் பரவியது. ஆடி அமாவாசைக்கு வாடகை லோரி பிடித்து மோரிப் கடலுக்குப் போய்த் திதி கொடுத்துவிட்டு வருகிறவர்கள், திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கிக் "காசியையும் ஒரு எட்டுப் பாத்துட்டு" போக ஆரம்பித்தார்கள். பெரியம்மா படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு வடை பாயசத்தோடு படைப்பார். வந்தவர்கள் தங்கள் தங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லுவார்கள். பெரியம்மா ஒவ்வொரு பெயரையும் படியில் நிற்கிற பெரியப்பாவிடம் ஒப்படைக்கிற மாதிரி உரக்கத் திருப்பிச் சொல்லிச் சூடம் காட்டுவார். சாலாக் செலாத்தானிலிருந்து பஸ் பிடித்துக்கூட ஆட்கள் வந்தார்கள். வெனிஸ் நகரத்துக்கு அத்தனை தமிழர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டது வேறு எங்கேயும் நடந்திருக்காது.

இந்த இடத்தில்தான் "கிராணி மாமா" வருகிறார். எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசையில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், இங்கிலீஷ் பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பவர். பிழை என்று ஒன்றைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. கடைப் பலகையில் எழுத்துப்பிழை இருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவார். கல்யாணப் பத்திரிகையைச் சிவப்பு மையால் திருத்தி, கல்யாண வீட்டிலேயே கொடுப்பார். ஆடி அமாவாசை தகப்பனுக்கு உரிய நாள், தாய்க்குச் சித்திரைப் பௌர்ணமிதான், மற்றவர்களுக்கு அவரவர் திதியில் கொடுக்க வேண்டும், கண்டவர்களுக்கும் கண்ட நாளில் படைக்கக்கூடாது என்று எங்கள் ஆட்களிடம் வருடா வருடம் சண்டை பிடிப்பார். அவரும் ஒரு நாள் படம் பார்க்க வந்தார். பெரியம்மா அப்போது காய் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, படத்தோடு மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று பார்த்தார். நான் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஆர் இதைக் காசி எண்டு சொன்னது?" என்று அப்பாவைக் கேட்டார். "இது வெனிஸ். இத்தாலியிலை இருக்கு. உது சிவன் கோயில் இல்லை, கிறிஸ்தவக் கோயில்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பென்சிலைப் பார்த்தேன்.

"எனக்கும் சந்தேகம்தாங்க ஐயா," என்றார் அப்பா மெதுவாக. "அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அண்ணனுக்குக் குடுத்த வாக்கு அவங்களைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. இந்தப் படம் வந்த பிறகுதான் ஒழுங்கா தூங்குறாங்க. டுரியானைக்கூட விட்டுட்டாங்க."

"டுரியானை விட்டிட்டாவோ?" கிராணி மாமாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "நானாப் போய்ச் சொல்லமாட்டன். ஆனா தங்கச்சி வாயைத் திறந்து என்னட்டைக் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டன் தம்பி. அது என்னாலை ஏலாது."

அன்றிலிருந்து என்னோடு ஒரு பயம் குடி வந்தது. பெரியம்மா கிராணி மாமாவைப் பார்த்துக் கேட்டுவிட்டால்? ஒரு கேள்வி போதும், பெரியப்பா மறுபடி மோரிப் கடலில் தனியாக விழுந்துவிடுவார். கிராணி மாமா வாசலைக் கடந்தால் நான் ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் தண்ணீர் கேட்பேன், தலை வாரிவிடச் சொல்வேன், வயிற்றுவலி என்பேன். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் வாய் பூட்டிக்கொண்டது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரியும், அவரும் என்னிடம் சொல்லவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. இடையில் கிராணி மாமாவின் மனைவி காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டார். அமைதியான மனுஷி, கணவர் திருத்திய பத்திரிகைகளுக்கெல்லாம் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறவர். அவர் போன பிறகு கிராணி மாமா கடைப் பலகைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டார். எழுத்துப் பிழையோடு ஒரு புதிய பலகை பிரிக்பீல்ட்ஸ் முக்கிலேயே வந்தது. அதற்குக் கீழே குடையோடு நடந்து போனார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஆடி அமாவாசை. கூடம் நிறைய ஆட்கள். சூடம் காட்டுகிற நேரத்தில் வாசலில் கிராணி மாமா நின்றார், வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, கையில் ஒரு வாழை இலைப் பொட்டலம். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். தண்ணீர் கேட்பதற்கும் வயிற்றுவலி வருவதற்கும் நேரம் இல்லாமல் போயிற்று, பெரியம்மா முகமெல்லாம் பூரித்து அவரைப் பார்த்துக் கேட்டேவிட்டார்.

"வாங்க ஐயா, நல்ல சமயத்துல வந்தீங்க. படிச்சவங்க நீங்க ஒருத்தர்தான் இங்க. எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. இது காசியில எந்தப் படித்துறை?"

அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டார். கிராணி மாமா படத்தையே பார்த்தார். கோயிலைப் பார்க்கவில்லை, கோபுரத்தைப் பார்க்கவில்லை. படியில் நிற்கிற அந்தச் சின்ன மனிதனைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்தார். துடைத்த கண்ணாடியைப் போடவில்லை.

"எனக்குத் தெரியாது தங்கச்சி," என்றார்.

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அதுவரை குவாட்டர்ஸில் யாருமே கேட்டதில்லை. அவர் சொன்னது பொய்யும் இல்லை. இலைப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே அவர் கையாலேயே சுட்ட, ஒரு பக்கம் தீய்ந்த வடைகள் இருந்தன.

"என்ரை மனுசியின்ரை பேரையும் ஒருக்கால் சொல்லிச் சூடம் காட்டுங்கோ. புவனேஸ்வரி. இண்டைக்கு அவவுக்கு உரிய நாள் இல்லைத்தான். பரவாயில்லை."

பெரியம்மா தீய்ந்த வடையை இலையின் நடுவில் வைத்தார். "புவனேஸ்வரி" என்று பெரியப்பாவிடம் உரக்கச் சொன்னார். நான் விக்கி விக்கி அழுதேன், ஏன் அழுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

அழுது முடித்ததும் பெரியம்மா கறாராகக் கேட்டார்: "வந்துட்டீங்க. எதை விடப்போறீங்க?" கிராணி மாமா யோசித்துவிட்டு, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்றார், யாழ்ப்பாணத்து மாம்பழம். "அது இங்க கிடைக்கவே கிடைக்காதே, அதை விட்டா என்ன, விடாட்டி என்ன?" என்று அடுப்படி வாசலிலிருந்து அம்மா ஒரு போடு போட்டார். கூடமே சிரித்தது. கிராணி மாமாவும் சிரித்துவிட்டு, "சரி, கோப்பிக்குச் சீனியை விடுறன்" என்றார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார், பெரியம்மா சீனி போடாத கறுப்புக் கோப்பி கலந்து கொடுப்பார், அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே படத்தைப் பார்த்துக் குடிப்பார். சாகும்வரை அந்தக் கசப்பு அவருக்குப் பழகவில்லை. ஒரு நாளும் சீனி கேட்கவும் இல்லை.

நான் வளர்ந்து, கிள்ளானில் வேலை கிடைத்து, கையில் கொஞ்சம் சேர்ந்ததும், பெரியம்மாவை நிஜக் காசிக்கே கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்குத்தான் அரித்துக்கொண்டிருந்தது. டிக்கெட் எடுத்த பிறகுதான் பழைய பயம் திரும்ப வந்தது: அங்கே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடாதா? அம்மா ஒரே வார்த்தையில், "நீ பண்ணுன வேலை, நீயே பட்டுக்கோ" என்றுவிட்டார்.

காசியில் விடியற்காலையில் ஓடத்தில் போனோம். பெரியம்மா குளிருக்கு என் ஸ்வெட்டரைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து ஒவ்வொரு படித்துறையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாப் படித்துறையும் முடிந்தது. ஓடக்காரரிடம் கையைக் காட்டித் திரும்ப ஒரு முறை போகச் சொன்னார். மறுபடியும் பார்த்தார். வெள்ளை உருண்டைக் கோயிலும் இல்லை, ஒல்லிக் கோபுரமும் இல்லை. நான் ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையேறியதும் தமிழ் தெரிந்த ஒரு சாஸ்திரிகள் வந்து உட்காரவைத்தார். மந்திரம் சொல்லி முடித்து, எந்தப் பழத்தை விடுகிறீர்கள் என்று கேட்டார்.

"நான் டுரியானை விட்டாச்சு," என்றார் பெரியம்மா.

"அப்படி ஒரு பழமா? கேட்டதில்லையே. எப்போ விட்டேள்?"

"இந்தப் பொண்ணு சின்னப் புள்ளையா இருக்கிறப்பவே."

"எங்கே விட்டேள்?"

"காசியிலதான்."

"அப்போ முன்னாடியே ஒரு தரம் வந்திருக்கேள்?"

"இல்லைங்க. இதான் முதல் தடவை."

சாஸ்திரிகள் என்னைப் பார்த்தார். நான் தட்சிணையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

பெரியம்மா படியில் இறங்கி, கங்கைத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி என் கையைப் பிடித்தார். "நல்லாத்தான் இருக்கு. பெரிய இடம்தான். ஆனா உங்க பெரியப்பா இங்க இல்ல, செல்வி. அவரு நம்ம வீட்டுல நிக்கிறாரு. விளக்கு வைக்காம வந்துட்டோம். வா, போலாம்."

அவருக்குத் தெரிந்துவிட்டதா, முன்பே தெரியுமா, தெரியாமலே சொன்னாரா? நான் கேட்கவில்லை. கோலாலம்பூர் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் கால்கூடக் கழுவாமல் போய்ப் படத்தின் முன்னால் விளக்கேற்றினார். அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார். டுரியானைத் தொடவில்லை.

இப்போது பெரியம்மா இல்லை, அம்மா அப்பா இல்லை. கிராணி மாமாவின் வீடு இருந்த வரிசையும் இல்லை, எங்கள் வரிசையும் இல்லை. குவாட்டர்ஸ் இருந்த பக்கம் போனால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிற கட்டடங்கள்தான் நிற்கின்றன. பூக்கடைகளும் அப்பளக் கடைகளும் இருக்கின்றன, ஆனால் ஆடி அமாவாசைக்கு லோரி ஏறிப் போய்விட்டு எங்கள் வாசலில் இறங்கிய அந்தக் கூட்டத்தில் யார் யார் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. படம் மட்டும் கிள்ளானில் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிற சீனப் பையன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, நல்ல கை என்று மெச்சினான். புகையையும் பொட்டுகளையும் எடுத்துவிட்டால் வானம் நீலமாக வரும், "அழுக்கு லா ஆன்டி" என்றான். பொட்டுமேல் கையை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, கரையான் வராமல் சட்டத்துக்கு மட்டும் மருந்து பூசச் சொல்லி அனுப்பினேன்.

போன ஆடி அமாவாசையன்று நான் தனியாகத்தான் இலை போட்டேன். சூடத்தைக் கொளுத்தப்போகிற நேரத்தில் போன் அடித்தது. என் தம்பி மகள் தாரிணி, கம்பெனி வேலையாக ஐரோப்பா போனவள், வீடியோவில் வந்தாள். பின்னால் தண்ணீர். கறுப்பு ஓடம் ஒன்று அசைந்து போனது.

"அத்தை! கண்டுபிடிச்சுட்டேன் லா! அதே கோயில், அதே படி, பாருங்க!"

அந்தக் கோயில், அந்த உருண்டைத் தலை, அந்த மூக்கு நிமிர்ந்த ஓடம் எல்லாம் வெயிலில் பளபளவென்று நின்றன. எவனோ ஒரு மனிதன் அன்றைக்கு எவ்வளவு உண்மையாகப் பார்த்து வரைந்திருக்கிறான்!

"இன்னைக்கு ஆடி அமாவாசைதானே? பெரிய பாட்டி பேரைச் சொல்லித் தண்ணி விடட்டா? எள்ளு இல்ல அத்தை, பரவாயில்லையா?"

"பரவாயில்லடி. கிராணி மாமா வீட்டம்மா பேரையும் சொல்லு. புவனேஸ்வரி."

போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு அவள் படியில் இறங்கினாள். வெள்ளைக்காரர்கள் வேடிக்கை பார்க்க, இரண்டு கையாலும் அந்த ஊர்த் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டாள். நான் இங்கே சூடத்தைக் கொளுத்தினேன்.

"இப்ப நான் எதை விடணும்?"

"உனக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். முகம் தொங்கிப்போனது. "ஐயோ... அப்ப டுரியான்தான் அத்தை."

பிறகு போனை எடுத்துப் படிகளைக் கிட்டத்தில் காட்டினாள். தண்ணீரைத் தொடுகிற படி காலியாக, ஈரமாகக் கிடந்தது.

"எல்லாம் அப்படியே இருக்கு," என்றாள் தாரிணி. "தாத்தாவைத்தான் காணோம்."

நான் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"அங்க எப்படிடி இருப்பாரு? இந்தா, இங்க நம்ம வீட்டுலதான் நிக்கிறாரு, பாரு."